முதல் விமானம் மானிட்டரில் விழட்டும்!

கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும். வீடியோ பார்த்த பையன், "எனக்கு ரிமோட் விமானம் வேண்டும்" என்று கேட்பான். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கித் தருவீர்கள். ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குள் கொண்டுபோய்ப் பறக்கவிட்டால், ஒரே நிமிடத்தில் மூக்கு மண்ணில் குத்தி நிற்கும். அத்தோடு அது பரணுக்குப் போய்விடும். பணம் போனதைவிட, "இது நமக்கு வராது" என்று பையன் முடிவு கட்டிவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

எனவே, விமானம் வாங்கும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று மாதம் பறக்கப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

புதியவர்களின் விமானம் ஏன் விழுகிறது? விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால் இடது பக்கம் திரும்பும். அதுவே நம்மை நோக்கி வரும்போது, நம் கண்ணுக்கு வலது பக்கம் திரும்பும். யோசித்து முடிப்பதற்குள் தரை வந்துவிடும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். படித்தால் சுலபம். விரலுக்கு வர நூறு முறையாவது விழ வேண்டும். சிமுலேட்டரில் விழுந்தால் ஒரு கீயைத் தட்டியதும் புது விமானம் தயார்.

பிகாசிம், சிஆர்ஆர்சிசிம் போன்ற சிமுலேட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கீபோர்டில் பழகாதீர்கள். முதலில் ரிமோட்டை மட்டும் வாங்குங்கள். யுஎஸ்பி கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக்காக வேலை செய்யுமா என்று கடையில் கேட்டு வாங்கவும். அதே ரிமோட் பின்னர் நிஜ விமானத்துக்கும் உதவும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இருப்பவர்களுக்கு மைதானத்துக்குப் பஞ்சமில்லை. கோடையில் வறண்ட கண்மாய்களும் அறுவடை முடிந்த கரிசல் காடுகளும் இருக்கின்றன. நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கரிசல் வெடிப்பில் சக்கரம் மாட்டும்; எனவே சக்கரமின்றி வயிற்றால் இறங்கும் ஃபோம் விமானமே நல்லது. சீமைக் கருவேல முள் இறக்கையைக் கிழிக்கும். ஆடிக்காற்றில் லேசான விமானத்தை வெளியே எடுக்கவே வேண்டாம். மற்ற மாதங்களில் விடிந்ததும் பறக்கவிடுங்கள். வெயில் ஏறினால் தரைச்சூட்டில் கிளம்பும் காற்று விமானத்தைத் தூக்கிப் போடும்.

பழகிய கை வீணாகாது. ஒரு காலத்தில் எரிபொருள் எஞ்சின்தான். ஒரே சேனலில் இரண்டு ரிமோட்டை ஆன் செய்தால் விமானம் விழுந்துவிடும். 2005க்குப் பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் பரவி அந்தத் தொல்லையைத் தீர்த்தது. லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் எஞ்சினின் இடத்தைப் பிடித்தன. கருவிகள் மாறினாலும், அன்று பழகியவர்களின் விரல் வித்தை அப்படியே இருக்கிறது.

நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. நடிகர் அஜித்குமார் பல ஆண்டுகளாக ரிமோட் விமானத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். சென்னை குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு 2018ல் அவர் ஆலோசகரானார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றது. 2020ல் கொரோனா பரவியபோது, கிருமிநாசினி தெளிக்க தக்‌ஷாவின் ட்ரோன்கள் பயன்பட்டன. பொழுதுபோக்கு ஊருக்கும் உதவியது.

கம்ப்யூட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. எக்ஸெலில் ஒரு ஷீட் திறந்து தேதி, காற்று, பறந்த நிமிடம், பேட்டரி வோல்டேஜ் ஆகியவற்றை எழுதி வாருங்கள். லித்தியம் பாலிமர் செல் ஒன்றுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். பயன்படுத்தாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைக்கவும். வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாடல் விமானங்களையும் கணக்கில் கொள்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான் எல்லை. உங்கள் இடம் எந்த மண்டலம், இப்போது என்ன விதி என்பதை மத்திய அரசின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொங்கலுக்கு சிமுலேட்டரில் தொடங்குங்கள். சித்திரையில் கண்மாய் காயும்போது, பையனின் விரல்களும் தயாராகியிருக்கும்.