படப்பைக்குப் போவோம்

சங்க இலக்கியம் பயிலும் மாணவர்க்குப் 'படப்பை' என்னும் சொல் புதியதன்று. மனையை அடுத்து வேலி சூழ அமைந்த தோட்டத்தை அது குறிக்கும் என்று உரையாசிரியர் வழிநின்று வகுப்பறையில் விளக்குகின்றோம். மாணவரும் குறித்துக்கொள்கின்றனர்; தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால், கல்லூரி வாயிலிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் தெருவுக்கு இரண்டு மூன்று படப்பைகளை இன்றும் கண்ணாரக் காணலாம் என்பதை அவருள் எத்துணைப் பேர் அறிவர்? கற்பிக்கும் யாமே அண்மைக்காலம் வரை அறிந்திருந்தோமில்லை. அந்த நாணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது எனலாம்.

நிகழ்ந்தது இதுதான். இளங்கலை வகுப்பொன்றில் சிறுபாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தோம். வறுமையுற்ற பாணனின் மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்ணும் பகுதி. நெஞ்சை உருக்கும் காட்சி. யாமும் உருகியே விளக்கினோம். அப்போது பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வேளைக்கீரை எப்படி இருக்கும்?" என்று வினவினார். "ஒருவகைக் கீரை" என்று விடையிறுத்தோம். சொல்லும்போதே அவ்விடையின் வறுமை எமக்குப் புலப்பட்டது. பாணன் மனைவிக்கு உப்புத்தான் இல்லை. எமக்குக் கீரையே தெரியவில்லை!

மறுநாள் மாணவி ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய செடி ஒன்றைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். விரல் விரித்தாற்போன்ற ஐந்து சிற்றிலைகள், மெல்லிய நீண்ட காய்கள், உச்சியில் வெண்ணிறப் பூக்கள். "எங்க பெரியம்மா இதை நல்வேளைன்னு சொல்வாங்க ஐயா. கொல்லையில தானா முளைச்சுக் கிடக்கு" என்றார். வேளையின் பூ வெண்மையானது என்று சங்கப் புலவர் பாடியதற்கும் அது பொருந்தியிருந்தது. அந்தப் பெரியம்மாவின் கொல்லையைக் காண வேண்டும் என்னும் ஆவல் அன்றே பிறந்தது.

சென்ற ஐப்பசி தொடங்கி மாசி முடிய, ஒன்பது இல்லங்களின் கொல்லைகளை மாணவ மாணவியர் பன்னிருவரோடும் துறைப் பேராசிரியை ஒருவரோடும் சென்று கண்டோம். எம் பகுதி வீடுகளின் அமைப்பை மூத்தோர் அறிவர். முன்னே திண்ணை, பின்னே முற்றம், அடுப்படி, கிணற்றடி, அதற்கும் அப்பால் கொல்லை. அது பெண்டிர் புழங்கும் இடம். ஆகவே முன்னரே சொல்லியனுப்பி இசைவு பெற்றோம். வாயிலில் ஸலாம் சொல்லிக் காத்திருந்தோம். மாணவியர் முதலில் உள்ளே சென்றனர். யாமும் மாணவரும் அழைப்பு வரும்வரை திண்ணையில் அமர்ந்திருந்து, பின்னர்ச் சந்து வழியே கொல்லைவாசலை அடைந்தோம். இம்முறைமை எவ்வகையிலும் தடையாக இருக்கவில்லை. "பட்டம் வாங்கப்போற புள்ளைகளுக்கு இந்தக் குப்பையில என்ன பாடம் இருக்கு?" என்று கூச்சத்தோடு ஒதுங்கி நின்ற லாத்தா ஒருவர், அரைமணி நேரத்திற்குள் மாணவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்.

அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று: "இந்தப் பரங்கிக்கொடியில இவ்வளவு பூ இருக்கே, ஏன் எல்லாம் காய்க்கல?" விலங்கியல், தாவரவியலைத் துணைப்பாடமாகக் கொண்டோரும் விழித்தனர். அவர் ஒரு பூவைத் திருப்பிக் காட்டினார். இதழுக்குக் கீழே சிறு உருண்டை திரண்டிருந்தால் அது பெண்பூ. வெறுங்காம்பு மட்டும் இருந்தால் ஆண்பூ. வண்டு வரத்துக் குறைந்த நாளில் ஆண்பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் பொடியைப் பெண்பூவில் தடவிவிட வேண்டும். பரங்கிக்கு இது விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பூ கூம்பிவிடும். சுரைக்கோ அந்திப்பொழுது வேலை. அதன் வெள்ளைப்பூ மாலையில்தான் மலரும். பள்ளி இறுதி வகுப்புவரை மகரந்தச் சேர்க்கையைப் படமாக வரைந்து பாகம் குறித்த பிள்ளைகள், அதனை முதன்முதலாகக் கண்ணால் கண்டது அந்தக் கொல்லையில்தான்.

கீரை விதைப்பதில் இத்துணை நுட்பம் உண்டென்று யாம் எண்ணியதே இல்லை. விதை கடுகினும் சிறிது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும். ஆகவே ஒரு பங்கு விதையோடு பல பங்கு மணலைக் கலந்து தூவுகின்றனர். தூவியபின் எறும்பு விதையை இழுத்துச் செல்லாமலிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பலால் கோடிடுகின்றனர். குடத்தைச் சாய்த்து ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும் என்று விரல்களின் ஊடே நீரைத் தெளிக்கின்றனர். முளைக்கீரையை வேரோடு பிடுங்குவர். அரைக்கீரையை அடிவிட்டு அறுப்பர், அது மீண்டும் துளிர்க்கும். 'அறுகீரை' என்பதே 'அரைக்கீரை' என வழங்குகிறது என்பதை அகரமுதலியில் படித்திருந்தோம். அரிவாள்மனையோடு ஒருவர் பாத்தியருகே குந்தியிருந்து அறுப்பதைக் கண்டபோதுதான் அப்பெயர்க் காரணம் உள்ளத்தில் தைத்தது.

சொற்களைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டும். எம் துறை அதுவன்றோ! தமிழில் தாவர உறுப்புகளுக்கு வழங்கும் சொல்வளத்தைத் தேவநேயப் பாவாணர் தொகுத்துக் காட்டியதை யாவரும் அறிவர். அப்பகுதி இன்று பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்றுள்ளது. கீரையின் அடி தண்டு, மிளகாய்ச் செடியின் அடி கோல், கரும்பின் அடி கழி. மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல் என்று மனப்பாடம் செய்து வந்தவரே எம் மாணவர். ஒரு வீட்டில் வாழைத்தாரைச் சுட்டி, "எப்போது வெட்டுவீர்கள் பெரியம்மா?" என்று மாணவி கேட்க, "இன்னும் கச்சலாக் கிடக்கே, அதுக்குள்ளயா?" என்றார் அவ்வம்மையார். மாணவியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தேர்வுக்காக மட்டுமே உயிர்வாழ்வதாக அவர்கள் கருதிய சொல் அங்கே எழுத்தறியாத நாவில் இயல்பாகப் புழங்கிக்கொண்டிருந்தது. 'முருங்கைப் போத்து' என்பதும் அத்தகையதே. தொல்காப்பிய மரபியலில் ஆண்பாற் பெயராக மட்டுமே போத்தினை அறிந்திருந்தவர், நடுவதற்கு ஒடிக்கும் கிளைக்கும் அது பெயர் என்பதை அன்று அறிந்தனர்.

பரங்கிக்காயின் பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பியரைக் குறிக்க அரபியரும் பாரசீகரும் வழங்கிய சொல்லே தமிழில் பரங்கி ஆயிற்று. அப்பெயர் காய்க்கும் ஏறியது. மிளகாய், கொய்யா, பப்பாளி, மரவள்ளி ஆகியனவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தனவே. நான்கு பாத்தி கொண்ட கொல்லையில் நின்றே உலக வரலாற்றுப் பாடம் ஒன்றை நடத்திவிடலாம்!

"இதெல்லாம் தாவரவியல் துறையின் பணியன்றோ? தமிழ்த்துறைக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று நண்பர் சிலர் நகைத்தனர். தாவரவியல் துறையினர் உடன் வந்தால் மகிழ்வோம். எனினும், செடியை அறியாமல் திணையைக் கற்பிப்பது எங்ஙனம் என்று அவர்களைத் திருப்பிக் கேட்கின்றோம். குறிஞ்சிப்பாட்டின் மலர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவருள், அவற்றில் பத்தையேனும் இனங்காண வல்லவர் எத்தனை பேர்?

கைப்பேசியிலேயே எல்லாம் காணக் கிடைக்கின்றனவே என்பது மற்றொரு மறுப்பு. கிடைக்கின்றன, யாமும் காண்கின்றோம். ஆயின், கடைமடையில் வாழும் நமக்குக் கிணற்றுநீர் ஆண்டுக்கு ஆண்டு உவர்ப்பேறி வருகிறது. மலைநாட்டில் பீன்சு வளர்ப்பவர் காட்டும் படம் இம்மண்ணுக்கு உதவாது. "பீன்சு போட்டேன், இலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு. சப்போட்டாவும் தென்னையும் இந்தத் தண்ணியைத் தாங்குது" என்று ஒருவர் சொன்னது அவர்தம் இருபதாண்டுப் பட்டறிவு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொல்லையில் இருந்த தென்னைகளை எல்லாம் இழந்தவர் அவர். நிழல் போய் வெயில் விழுந்த அவ்விடத்தில்தான் கத்தரியும் வெண்டையும் போட்டார். மீன் அலசிய நீரைக் கறிவேப்பிலைக்கும், அரிசி கழுவிய நீரைக் கத்தரிக்கும் ஊற்றுகிறார். சவர்க்கார நீரைத் தனியே வாய்க்கால் வெட்டிப் பிரித்துவிடுகிறார். அந்த வாய்க்காலின் வளைவை நேரில் கண்டால் ஐந்து நிமிடத்தில் புரியும். எழுதினால் இரண்டு பக்கம் வேண்டும்.

கண்டவை அனைத்தும் போற்றத்தக்கன என்று கூறமாட்டோம். ஒரு வீட்டில் பூச்சிமருந்து தெளித்த மறுநாளே வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தனர். கடைக்காரர் சொன்ன அளவைவிட இரு மடங்கு கலந்ததாகப் பெருமையுடன் வேறு சொன்னார்கள். அடுத்த தெருவிலோ அவரையின் அசுவினிக்கு அடுப்புச் சாம்பலைத் தூவி ஓட்டுகிறார்கள். இவ்விரு வீட்டாரும் ஒருவர் கொல்லையை ஒருவர் கண்டதில்லை. மாணவர் செல்வதனால் விளையும் நன்மைகளுள் இதுவும் ஒன்று: ஒரு வீட்டுச் செய்தியை மறு வீட்டுக்குச் சுமந்து செல்லும் தும்பிகளாக அவர்கள் ஆகின்றனர்.

எம் இல்லத்துச் செய்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். எம் தாயார் ஆண்டுதோறும் ஆடியில் கோழியவரை ஊன்றுவார். கிணற்றடிப் பந்தலில் அது படர்ந்து, பனி விழும் மார்கழியில் பூத்துத் தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பகல்பொழுது குறுகினாலன்றிப் பூவாத இயல்புடைய பழைய வகை அது. சித்திரையில் ஊன்றினால் வெறும் இலையாகவே படரும். எல்லாப் பருவத்திலும் காய்க்கும் குத்துச்செடி அவரைகளைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது, அவை நல்லனவே. ஆனால் எம் தாயாரின் அவரைக்கு ஒரு தனிச் சுவை உண்டு. 2011இல் வீட்டைப் புதுப்பித்தபோது கொல்லை முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டோம். சேறில்லை, பாம்பு பயமில்லை, வண்டி நிறுத்தலாம் என்று யாமே வாதிட்டு வென்றோம். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. விதையைச் சாம்பலில் புரட்டி ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்தார். மூன்றாம் ஆண்டு ஏதோ நினைவு வந்து எடுத்துப் பார்த்தபோது, வண்டு துளைத்த தோலே எஞ்சியிருந்தது. "விதை வச்சிருக்கிறதுக்கு இல்ல வாப்பா, போடுறதுக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த அவரையை இந்த ஒன்பது கொல்லைகளிலும் தேடினோம். காயின் விளிம்பு ஏறத்தாழ ஒத்த ஒன்றை ஓரிடத்தில் கண்டு, வாங்கிச் சென்று காட்டினோம். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அது இல்ல" என்றார் தாயார்.

எனவேதான் கல்லூரி ஆட்சிக்குழுவினர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் இம்மலர் வாயிலாகச் சில விண்ணப்பங்களை வைக்கத் துணிகின்றோம். ஆண்டுதோறும் துறைச் சுற்றுலாவுக்கென ஒதுக்கப்படும் நாட்களுள் இரண்டினை இவ்வூர்க் கொல்லைகளுக்கு அளித்திடுக. தொலைவிடங்கள் எங்கும் போய்விடமாட்டா. எழுபதைக் கடந்த இம்மூதாட்டியர் அவ்வாறு காத்திருப்பர் என்று உறுதி கூற இயலாது. கல்லூரி வளாகத்திலேயே மாதிரித் தோட்டம் அமைக்கலாமே என்று முதலில் சொல்லப்பட்டது. திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் நன்கு அமையும். மே மாத விடுமுறையில் யார் நீர் ஊற்றுவது? கொல்லைக்கு உரியவர் கொல்லையிலேயே இருக்கிறார். அவரிடம் நாம் செல்வதே முறை. வெளிநாட்டில் பொருளீட்டி இல்லம் எழுப்பும் அன்பர்கள், தளம் போடும்முன் கிணற்றடியருகே பத்துக்குப் பத்து அடி மண்ணையேனும் விட்டுவைத்திடுக. அந்த இடம் எதுவென்பதைக் கொத்தனாரிடம் கேளாது, வீட்டு மூத்த பெண்டிரிடம் கேட்டிடுக.

மாணவர் ஒவ்வொருவரும் தாம் கண்ட கொல்லையின் சொற்களைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றனர். சொன்னவர் வாய்மொழி மாறாமலும், அவர் விரும்பாவிடில் பெயர் குறியாமலும் எழுதப் பணித்துள்ளோம். இதுவரை இருநூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்துள்ளன. குறிப்பேடுகள் துறை நூலக அலமாரியில் உள்ளன, எவரும் பார்வையிடலாம். ஆடி பிறந்ததும் சனிக்கிழமைகளில், அஸர் தொழுகைக்குப்பின் மீண்டும் புறப்படுகின்றோம். உடன் வர விரும்பும் பிறதுறை மாணவர் துறை அலுவலகத்தில் பெயர் தரலாம். தம் கொல்லையைக் காட்ட இசையும் இல்லத்தாரும் பிள்ளைகள் வழியே சொல்லியனுப்பலாம். எவர் வீட்டிலேனும் விளிம்பு சிவந்த பழைய கோழியவரை விதை இருப்பின் ஐந்தாறு மணிகள் தந்துதவ வேண்டுகின்றோம். கிணற்றடியில் நான்கடிச் சதுரத்திற்குத் தளத்தை உடைத்து வைத்திருக்கின்றோம்.