மாடியில் தட்டா, வாசலில் ஒயரா?

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினோரு வருஷமாக ஒரு டிஷ் ஆன்டெனா நிற்கிறது. என் மாமியார் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தட்டு’. ‘‘தட்டுல இன்னா ஆச்சுன்னு பாரும்மா, படம் நின்னுபோச்சு’’ என்று கீழே இருந்து குரல் கொடுப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு மாடி ஏறுவேன். திருவண்ணாமலையில் பே கோபுரத்துப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எங்கள் தெருவில் மாடிகளெல்லாம் குரங்குகளுக்குத்தான் சொந்தம். தட்டின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் ஒன்று தொங்கி ஊஞ்சலாடிவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கு சீரியல் கிடையாது. ஆள் வந்து மறுபடி திருப்பி வைக்க முந்நூறு ரூபாய்.

போன மாதம் கேபிள்காரத் தம்பி வாசலில் வந்து நின்றார். ‘‘அக்கா, நம்ம தெருவுக்கு ஃபைபர் வந்துடுச்சு. டி.வி.யும் நெட்டும் ஒண்ணாவே எடுத்துக்குங்க. மாசம் எண்ணூத்தி சொச்சம்தான். டிஷ்ஷைக் கழட்டிப் போட்டுடலாம். உங்களுக்கு மிச்சம்தான்க்கா!’’

அவர் போனதுதான் தாமதம், வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பமாகிவிட்டது. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகளுக்கு நெட் உடனே வேண்டும். பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு அது நேற்றே வேண்டும். மாமியாருக்கு எதையும் மாற்றக் கூடாது. என் வீட்டுக்காரரோ கடைக்குக் கிளம்பும் அவசரத்தில், ‘‘நீயே யோசிச்சு முடிவு பண்ணு’’ என்று செருப்பை மாட்டிக்கொண்டார். நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் என் தலையில் போட வசதியாக இருக்கும் பாருங்கள்!

நான் பிறந்த ஊர் காஞ்சிபுரம். அங்கே எங்கள் சிறு வயதில் டி.வி. என்றால் மூங்கில் கழி உயரத்துக்கு நிற்கும் ஆன்டெனாதான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்கும் நேரம் அண்ணன் மாடியில் நின்று அதைத் திருப்ப, ‘‘தெரியுதா? தெரியுதா?’’ என்று கத்த, நாங்கள் கீழே இருந்து ‘‘இல்ல... இல்ல... ஆங், தெரியுது!’’ என்போம். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது தெருவெல்லாம் கேபிள் ஒயர். அந்தக் காலத்துக் கேபிளில் கடைசி சேனல்கள் கொசு மொய்த்த மாதிரி இருக்கும். படம் பளிச்சென்று இருக்கும் என்பதற்காகத்தான் நாங்கள் தட்டு வாங்கினோம். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு 90 சேனல் என்று வந்தது. 2017-ல் அவர்களும் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு ஒயரில் வரும் படமும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆக, தட்டு வாங்கிய காரணம் போய்விட்டது, தட்டு மட்டும் நிற்கிறது.

ஆனாலும் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது 2024 டிசம்பர் 1, அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. எங்கள் ஊரில் மழை என்றால் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. காலையிலிருந்தே டி.வி.யில் ‘சிக்னல் இல்லை’ என்ற இரண்டு வார்த்தைதான். சாயங்காலம் தெருவில் ஆட்கள் ஓடுகிறார்கள், மலையில் ஏதோ சரிந்துவிட்டது என்கிறார்கள், எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. மகளின் போனில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. என் போனில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. வீட்டுக்காரர் கடையில். மாமியார் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ‘‘நியூஸைப் போடும்மா, நம்ம பக்கமான்னு பாரும்மா’’ என்கிறார். எதைப் போடுவது? பிறகு பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லித்தான் தெரிந்தது, வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடிவிட்டது என்று. அதில் ஏழு பேர் போய்விட்டார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்த அக்கா வீட்டில் கேபிள். கரண்ட் இருந்தவரை அவர்கள் டி.வி. ஓடியிருக்கிறது.

மழை பெய்தால் தட்டு ஏன் படுத்துக்கொள்கிறது என்பதை என் மகன்தான் விளக்கினான். செயற்கைக்கோள் நிற்பது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அவ்வளவு தூரத்தைக் கடந்து வருகிற அலை, கடைசி நாலைந்து கிலோமீட்டரில் மழைமேகத்தில் மாட்டிக்கொள்கிறது. வீட்டுத் தட்டுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் என்பதால், பெருமழையின் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றனவாம். ‘‘அப்போ கேபிள்காரருக்கு மட்டும் எங்கேர்ந்துடா வருது?’’ என்று கேட்டேன். அவருக்கும் பல சேனல்கள் வானத்திலிருந்துதான் வருகின்றன. ஆனால் அங்கே இருப்பது ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட பெரிய டிஷ், பிடிப்பது பெரும்பாலும் இதைவிட மூன்று மடங்கு நீளமான அலை. அதை மழை அவ்வளவாகத் தொடுவதில்லை. அங்கிருந்து நம் வீட்டுக்கு ஒயர். மலை மறைக்கிறதோ என்று இத்தனை நாள் அருணாசலேசுவரரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்! தட்டு பார்ப்பது ஏறக்குறைய உச்சி வானத்தை, மலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, காசுக்கு வருவோம். ‘மிச்சம்தான்க்கா’ என்றாரே, அது உண்மையா?

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். தட்டுக்கு மாதம் 360, வருஷத்துக்கு 4,320. வீட்டில் நெட் உள்ள போன் மூன்று. 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு தலைக்கு 349 ரூபாய், 28 நாளைக்கு. இந்த 28 நாளில்தான் சூட்சுமம் இருக்கிறது, சகோதரிகளே. மாதம் ஒன்று என்று நினைத்து வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை என்று கணக்குப் போடுகிறோம், பதின்மூன்று தடவை போடுகிறோம். ஒரு போனுக்கு 4,537, மூன்றுக்கும் 13,611. இதோடு, டேட்டா தீர்ந்துபோய் அவசரத்துக்குப் போட்ட சில்லறை ரீசார்ஜுகளை வீட்டுக்காரர் போனில் தேடிக் கூட்டினால் 1,900 ரூபாய். பத்தொன்பது, இருபத்தொன்பது என்று போனது இத்தனையா என்று அவரே வாயைப் பிளந்தார். மொத்தம் 19,831.

ஒயருக்கு மாறினால்? டி.வி.க்கு 240. நெட்டுக்கு 499, அதன் மேல் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 589. இந்த வரியை யாரும் முதலில் சொல்வதில்லை, நீங்களாகக் கேட்க வேண்டும். மாதம் 829, வருஷத்துக்கு 9,948. ஆனால் போன் செலவு நின்றுவிடுமா? கடையில் இருக்கும் அவருக்கும் கல்லூரிக்குப் போகும் மகளுக்கும் வெளியில் நெட் வேண்டும். அது 9,074. என் போன் ஒன்றைத்தான் குறைக்கலாம். 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு, நெட் இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் வந்திருக்கிறது. அதில் எனக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000. கூட்டினால் 21,022. மிச்சமாவது ஒன்றாவது! வருஷத்துக்கு 1,191 ரூபாய் கூடுதல். மாதம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வீட்டிலேயே இருக்கிற குடும்பமானால் கணக்கு வேறு மாதிரி வரும்.

அந்த நூறில் கொஞ்சத்தைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு வாரம் வீட்டில் யார் எந்த சேனல் பார்க்கிறார்கள் என்று அதே நோட்டில் குறித்து வந்தேன். முந்நூற்றுச் சொச்சம் சேனல் வருகிற வீட்டில் நாங்கள் பார்த்தது பதினொன்று! அதிலும் இரண்டு, மகன் கிரிக்கெட்டுக்காக. 2019 பிப்ரவரி முதல் கட்டண சேனல்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இருக்கிறது, டிஷ்ஷானாலும் கேபிளானாலும். சில சமயம் தனித்தனியாக வாங்குவதைவிடக் கட்டாக வாங்குவது மலிவாக இருக்கும் என்பதால் இரண்டு விதமாகவும் விலை கேட்டேன். என் பதினொன்றை எழுதித் தம்பி கையில் கொடுத்ததும் 240 ரூபாய் 205 ஆனது. ‘‘லிஸ்ட் எழுதிக் கொடுத்த முதல் ஆள் நீங்கதான்க்கா’’ என்றார். பாராட்டா, அலுப்பா, தெரியவில்லை.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, ஒயர் அறுந்தால் என்ன என்பது. தட்டில் போனால் டி.வி. மட்டும் போகும். ஒயரில் போனால் டி.வி.யும் நெட்டும் கைகோத்துக்கொண்டு போகும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினாலும் சரி, கரும்பு லாரி உரசினாலும் சரி, குரங்கு கம்பிமேல் நடந்தாலும் சரி. ‘‘அறுந்தா எத்தனை மணி நேரத்துல வருவீங்க தம்பி?’’ என்றேன். ‘‘ரெண்டே மணி நேரம்க்கா’’ என்றவர், கொஞ்சம் யோசித்து, ‘‘பௌர்ணமி அன்னிக்கு மட்டும் கேக்காதீங்க, பைக்கே உள்ள வராது’’ என்றார். நியாயம்தானே? பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் தலைகள்தான் தெரியும். தீபத்தன்று பஸ்ஸையே ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள்.

தீபம் என்று சொன்னதும் என் மாமியார் நினைவுக்கு வருகிறார். அவர் ‘வேண்டாம்’ என்றது பிடிவாதத்தால் அல்ல. எண்பதைத் தாண்டிய அவருக்கு முட்டி மடங்குவதில்லை. 2,668 அடி மலை எங்கள் கொல்லைக்குப் பின்னால் நிற்கிறது, மாடிப்படி ஏறினால் மகாதீபம் கண்ணுக்கு நேரே தெரியும். அந்தப் பதினெட்டுப் படிதான் அவரால் ஏற முடியவில்லை. மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போகிற அந்த ஒரு சில நிமிஷத்தைக் கோயிலுக்குள் நிற்பவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவருக்கு அந்தத் தரிசனம் டி.வி.யில்தான். அதிலும் ஒரு வேடிக்கை. தெருவே ‘அரோகரா’ என்று அதிர்ந்து சில விநாடி கழித்துத்தான் டி.வி.யில் தீபம் ஏறும். ‘‘நம்ம மலை ஊரைச் சுத்திக்கிட்டு வருது பாரு’’ என்பார். கார்த்திகை மாதம், அடை மழைக் காலம். தட்டை மட்டும் நம்பினால் மழை. ஒயரை மட்டும் நம்பினால் கூட்டம்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒயர் வரட்டும், தட்டும் இருக்கட்டும், மாதப் பணம் மட்டும் நிற்கட்டும். தூர்தர்ஷனின் ‘டி.டி. ஃப்ரீ டிஷ்’ 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதற்கு மாதக் கட்டணமே கிடையாது, ஒரு தடவை பாக்ஸ் வாங்குவதோடு சரி. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டி.டி. தமிழ் அதில் வருகிறது, தீபமும் காட்டுவார்கள். பழைய கம்பெனி பாக்ஸ் இதற்கு உதவாது. தட்டை மட்டும் வேறு திசைக்குத் திருப்ப வேண்டும். என் சீட்டுப் பணத்தில் இரண்டாயிரம் எடுத்தேன். பழைய கணக்கில் மீதமிருந்த 210 ரூபாய் தீரும் வரை காத்திருந்துதான் புதிதை எடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். ஒன்று, வீட்டு நெட் இருந்தாலும் ஒரு போனிலாவது டேட்டா எப்போதும் இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஒயர் பெட்டியும் அணைந்துவிடும். இரண்டு, இரவு பத்து மணிக்கு அந்தப் பெட்டியின் ஸ்விட்ச் என் கையில். ‘‘அன்லிமிடெட் ஆச்சேம்மா!’’ என்கிறான் மகன். ‘‘உன் கண்ணு அன்லிமிடெட் இல்லடா’’ என்றேன். கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கும் சொல்கிறேன்: அளவில்லாத நெட் வந்த வீட்டில், சோறு ஊட்டும்போது போனை எடுத்து நீட்டும் கை தானாக நீளும். இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. நிலாவும் குரங்கும் காட்டி ஊட்டுங்களேன், எங்கள் தெருவில் இரண்டும் இலவசம்.

மின்னல் வெட்டும் நேரத்தில் பிளக்கோடு, பெட்டிக்குப் பின்னால் திருகியிருக்கும் டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். போன ஐப்பசியில் எதிர் வீட்டு டி.வி. அதனால்தான் புகைந்தது.

வியாழக்கிழமை தம்பி வந்து ஜன்னல் சட்டத்தின் ஓரமாக ஒயரை இழுத்தார். உள்ளே மெல்லிய கண்ணாடி இழை, ரொம்ப மடித்தால் ஒடிந்துவிடும் என்று கதவிடுக்கு வழியாக விடவில்லை. மாமியார் புது ரிமோட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு வேண்டிய நாலு சேனல் எண்ணையும் அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன்.

‘‘தட்டைக் கழட்டலியே?’’ என்றார்.

‘‘இல்ல அத்தை, அது அங்கேயேதான் இருக்கும்.’’

‘‘இருக்கட்டும். கழட்டிட்டா அதுங்க எங்க போயி உக்காரும்?’’