தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

புறத்தூய்மைக்குக் கருவி நீர் என்பது வள்ளுவர் காலந்தொட்டு நாம் கற்றும் கற்பித்தும் வரும் பாடம். ஆனால் அழுக்கை நீக்க வந்த நீரே அழுக்குற்றிருந்தால் என் செய்வது? முன்பின் அறியாத பலர் உடல் நனைத்த நீரில் மற்றொருவர் இறங்குகிறார். அதிலிருந்து எழும் ஆவியை நெஞ்சார இழுத்தவாறு, கண்மூடிச் சாய்ந்து, 'ஆகா, என்ன சுகம்!' என்கிறார். இன்றைய உல்லாசக் கப்பல்களின் மேல்தளத்தில் நாள்தோறும் காணக்கூடிய காட்சி இது. அங்குள்ள வெந்நீர்ச் சுழல்தொட்டி தூயதுதானா, அது தூயது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சான்று யாது என்பவையே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

'கப்பலில் உல்லாசமாகச் செல்வோர் செல்வர். அவர்கள் குளிக்கும் தொட்டியைப் பற்றி நமக்கென்ன கவலை?' என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு முதலில் விடை கூறிவிடுவோம். சிங்கப்பூரின் மரினா பே துறையில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாகக் கிள்ளான் துறைமுகமோ பினாங்கோ சென்று, மூன்று நான்கு இரவுகளில் திரும்பும் பயணங்கள் இன்று நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியவை. ஓய்வு பெற்ற எழுத்தரும் தாதியரும் ஆசிரியரும் அவற்றில் செல்கின்றனர். பெற்றோரின் மணிவிழாவுக்குப் பிள்ளைகள் கப்பல் பயணத்தையே பரிசாக அளிப்பதும் புதிதன்று. இத்தொட்டிகளில் பெருகக்கூடிய கொடிய கிருமி பெரும்பாலும் தாக்குவதும் ஐம்பது வயதைக் கடந்தோரையும், புகைபிடித்தோரையும், நெடுநாள் நுரையீரல் நோயுடையோரையுமே. ஆதலின் இது செல்வர் வீட்டுக் கவலையன்று. நம் வீட்டுப் பெரியோரைப் பற்றிய கவலை.

அக்கிருமியின் பெயர் லெஜியனெல்லா. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விடுதியொன்றில் முன்னாள் படைவீரர் மாநாடு கூடியது. அதனையடுத்து 221 பேர் கடும் நுரையீரல் அழற்சிக்கு ஆளாயினர். 34 பேர் மாண்டனர். காரணமான கிருமி மறுஆண்டுத் தொடக்கத்தில்தான் இனங்காணப்பட்டது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் இயல்புடையதன்று இந்நோய். கிருமியுள்ள நீர் நுண்திவலைகளாகச் சிதறிக் காற்றில் மிதக்கும்போது, அதனைச் சுவாசிப்பவரின் நுரையீரலில் கிருமி புகுகிறது. நீரை வெதுவெதுப்பாக வைத்து, காற்றைச் செலுத்திக் குமிழிகளாகக் கொப்புளிக்கச் செய்து, திவலைகளை முகத்துக்கு நேரே எழுப்பும் கருவி எது? வெந்நீர்ச் சுழல்தொட்டியே அது.

இது வெறும் ஊகமன்று. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து பெர்முடாத் தீவுக்குச் சென்றுவந்த 'ஹொரைசன்' என்னும் கப்பலில் ஏப்ரல் இறுதி முதல் ஜூலை வரை ஒன்பது பயணங்களில் சென்றோருள் 50 பேருக்கு இந்நோய் கண்டது, ஒருவர் உயிரிழந்தார். ஆய்ந்தவர்கள் கண்டது யாது? சுழல்தொட்டியில் கழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நோயுறும் வாய்ப்பு 64 விழுக்காடு ஏறியிருந்தது. நீரில் இறங்காமல் தொட்டியருகே அமர்ந்திருந்தோருக்கும் அவ்வாய்ப்பு மிகுந்திருந்தது. கிருமி பிடிபட்ட இடமோ தொட்டியின் மணல் வடிகட்டி! எப்பொருள் நீரைத் தூய்மையாக்கும் என நம்பப்பட்டதோ, அப்பொருளே கிருமியின் குடியிருப்பாக இருந்தது.

ஐந்தாண்டுகள் கழிந்து, 1999இல் நெதர்லாந்தில் ஒரு மலர்க்கண்காட்சி நடைபெற்றது. அங்கே சுழல்தொட்டியொன்று குளிப்பதற்காக அன்று, விற்பனைப் பொருளாகக் காட்டுவதற்காக இயக்கி வைக்கப்பட்டிருந்தது. மலர் காண வந்தோர் அதன் அருகே நடந்து சென்றனர்; அவ்வளவே. நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பலானால் என்ன, கரையானால் என்ன? பேணப்படாத தொட்டி எங்கிருப்பினும் தீங்கே விளைக்கும்.

இத்தனைக்குப் பின்னரும் மக்களிடையே சில நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பது கடமையாகிறது.

'சுடுநீரில் கிருமி வாழாது' என்பது முதல் நம்பிக்கை. கொதிக்கும் நீருக்கு அது பொருந்தும். தொட்டி நீருக்குப் பொருந்தாது. மனித உடல் தாங்க வேண்டியிருப்பதால் தொட்டியின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது. லெஜியனெல்லா பெருகுவதற்கு ஏற்ற வெப்பமோ ஏறத்தாழ 25 முதல் 45 பாகை வரை. நமக்கு இதமான வெப்பம் எதுவோ, அதுவே கிருமிக்கும் இதமான வெப்பம். மேலும், நீர் சூடேறச் சூடேற, குமிழி எழ எழ, அதிலிட்ட குளோரின் விரைந்து குறைகிறது. நீச்சல் குளத்தோடு ஒப்பிட்டால் தொட்டியில் உள்ள நீரும் மிகச் சிறிது. நால்வர் அதில் இறங்குவது, பெரிய குளத்தில் பெருங்கூட்டம் இறங்குவதற்கு ஒப்பாகும். ஆகவே குளத்தைக் காட்டிலும் தொட்டிக்கே காவல் மிகுதியாக வேண்டும்.

'குளோரின் மணம் மூக்கைத் துளைக்கிறது. ஆகவே நீர் தூயது' என்பது இரண்டாம் நம்பிக்கை. உண்மை இதற்கு நேர்மாறானது. கண்ணை எரிக்கும் அந்த நெடி, குளோரின் மனிதரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து மாறியதால் விளையும் குளோரமின் என்னும் பொருளின் நெடி. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அழுக்கோடு போராடிச் செலவாகிவிட்டது என்பதற்கே அது அடையாளம். நெடி மிக்க தொட்டியைக் கண்டு மகிழ்வோர், புகையைக் கண்டு அடுப்பு நன்றாக எரிகிறது என்று மகிழ்வோரை ஒப்பர்.

'பொதுத் தொட்டிதானே அழுக்கு? கூடுதல் கட்டணம் செலுத்தி, அறையின் மாடத்திலேயே தனித்தொட்டி பெற்றால் அச்சமில்லை' என்பது மூன்றாம் நம்பிக்கை. பணம் படைத்தோரின் நம்பிக்கையும் இதுவே. 2022 நவம்பருக்கும் 2024 ஜூனுக்கும் இடையே இரு கப்பல்களில் பயணம் செய்தோருள் 12 பேருக்கு லெஜியனேர் நோய் கண்டதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் 2024 அக்டோபரில் அறிவித்தது. கிருமி குடிகொண்டிருந்தது பொதுத் தொட்டியில் அன்று. மாடங்களில் இருந்த தனித்தொட்டிகளில். பொதுத் தொட்டிக்கு உரிய கண்டிப்பான விதிகள் தனித்தொட்டிகளுக்குப் பொருந்தவில்லை. நீர் பல நாள் மாற்றப்படாமல் தேங்கியது. கிருமிநாசினி எஞ்சி நிற்கவுமில்லை. பணம் தனிமையை வாங்கித் தந்தது. தூய்மையை வாங்கித் தரவில்லை. அவ்வறிக்கை அவ்விரு கப்பல்களின் பெயர்களையும் வெளியிடவில்லை என்பதை வாசகர் கருதிப் பார்க்க வேண்டும்.

'இத்தனை பேர் சென்று வந்தார்களே, எவரும் நோயுற்றதாகக் கேள்விப்படவில்லையே' என்பது நான்காம் நம்பிக்கை. நோய் அரிதே, அதை மறுப்பதற்கில்லை. அச்சமூட்டி மக்களைக் கப்பலிலிருந்து விரட்டுவது என் நோக்கமும் அன்று. ஆனால் கேள்விப்படாமை இல்லாமைக்குச் சான்றாகுமா? கிருமி புகுந்தபின் நோய் வெளிப்பட 2 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் பயணி கரையேறி வீடு திரும்பிவிடுகிறார். காய்ச்சலும் இருமலும் கண்டு அருகிலுள்ள மருந்தகத்துக்குச் செல்கிறார். 'குளிர்காற்றுப் பட்டிருக்கும்' என்று வீட்டார் கூறுகின்றனர். கப்பல் பயணத்தைப் பற்றி மருத்துவரும் வினவுவதில்லை; நோயாளியும் கூறுவதில்லை. மூன்று இரவுப் பயணத்தின் பயணிகள் மூன்று நாட்டுக்குச் சிதறிய பின்னர், தனித்தனி நோயாளிகளை ஒரு தொட்டியோடு இணைப்பவர் யார்? 'ஹொரைசன்' கப்பலிலேயே ஒன்பது பயணங்கள் கடந்தன அல்லவா?

சரி, தூய்மையை அறிவதற்கு வழியே இல்லையா? உண்டு, மிக எளிய வழியும் உண்டு. தொட்டி நீரில் குளோரின் பத்து இலட்சத்தில் 3 பங்குக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அமில-கார அளவு 7.0க்கும் 7.8க்கும் இடையே நிற்றல் வேண்டும். இவ்விரண்டையும் வேதிப்பொருள் தோய்த்த தாள்துண்டு ஒன்று சில நொடியில் காட்டிவிடும். லிட்மஸ் தாளை நீரில் நனைத்து நிறமாற்றம் காணத் தெரிந்த பள்ளி மாணவன் இதையும் செய்துவிடுவான். ஆக, அறிவியல் நம்மைக் கைவிடவில்லை. அளந்து பெற்ற விடைதான் நம் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை.

அமெரிக்கா 1975ஆம் ஆண்டில் கப்பல் சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முன்னறிவிப்பின்றிக் கப்பலில் ஏறிச் சோதிப்பதும், நூற்றுக்கு மதிப்பெண் இடுவதும், 85உம் அதற்குக் கீழும் பெற்ற கப்பலைத் தேறாததாக அறிவிப்பதும், முடிவை மக்கள் படிக்க வெளியிடுவதும் அதன் முறை. சுழல்தொட்டியும் அச்சோதனைக்கு உட்பட்டது. ஆனால் இத்திட்டம் அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல்களுக்கே உரியது. நம் நீரிணையிலேயே சுற்றிவரும் கப்பலுக்கு அந்த மதிப்பெண் கிடையாது. அனைத்துலகச் சுகாதார ஒழுங்குவிதிகளின்படி ஆறு மாதம் செல்லுபடியாகும் சுகாதாரச் சான்றிதழ் உண்டு; உண்மைதான். ஆனால் அது கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் இடையிலான தாள். நேற்று மாலை ஐந்து மணிக்கு மேல்தளத்துத் தொட்டியில் குளோரின் எவ்வளவு இருந்தது என்பதை அந்தத் தாள் தொட்டியோரத்தில் நிற்கும் மூதாட்டிக்குக் கூறாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஒவ்வொரு தொட்டியின் அருகிலும் ஒரு பலகை வேண்டும். அளந்த நேரம், நீரின் வெப்பம், குளோரின் அளவு, அமில-கார அளவு, நீர் இறுதியாக முற்றிலும் மாற்றப்பட்ட நாள் ஆகிய ஐந்தும் அதில் எழுதப்பட வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு உண்டா? பள்ளிக்கூடத்துக் கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். பொதுத் தொட்டிக்குரிய விதி மாடத்துத் தனித்தொட்டிக்கும் பொருந்த வேண்டும். அன்றேல் பயணி கேட்டபோது மட்டும் நீர் நிரப்பி, அவர் எழுந்ததும் வடித்துவிட வேண்டும். நம் துறைமுகங்களின் சுகாதார அதிகாரிகள் தம் சோதனை முடிவுகளை மக்கள் எளிதில் காணுமாறு வெளியிட வேண்டும். கப்பல் நிறுவனங்கள் தம் தொட்டிகள் தூயவை என்று உண்மையாகவே நம்பினால், அந்த எண்களைக் காட்டத் தயங்குவானேன்? மதிப்பெண் அட்டையைப் பெற்றோருக்குக் காட்டாமல் ஒளிக்கும் மாணவன் நூற்றுக்கு நூறு வாங்கியவனாக இருப்பது அரிது.

இவ்விடத்தே, தொட்டியைப் பேணும் எளிய பணியாளர்மீது பழி சுமத்துவோரையும் கண்டிக்க வேண்டியுள்ளது. காலையில் ஒரு கூட்டம் இறங்கி மாலையில் மறு கூட்டம் ஏறும் அவசரத்தில், அவருக்கு நேரமும் பயிற்சியும் கருவியும் வழங்க வேண்டியவர் நிறுவனத்தாரே. தொட்டி ஓய்வதற்கென நேரம் ஒதுக்காமல், 'ஏன் கழுவவில்லை?' என்று பணியாளரைக் கடிந்துகொள்வது நீதியாகாது.

அதே வேளையில் பயணிகளும் பழியிலிருந்து தப்ப இயலாது. 'இறங்குமுன் குளித்து வருக' என்னும் அறிவிப்பைக் கடந்து, வியர்வையோடும் தலை எண்ணெயோடும் நேரே நீரில் இறங்குவோர் நம்மவரிலும் உண்டு. நம் வீட்டுக் குளியலறையைத் துலக்கி வைக்கும் நாம், ஊரார் நீர் என்றதும் உரிமை மட்டும் பாராட்டுவது முறையா? சவர்க்காரமிட்டுக் குளித்த பின்னரே இறங்குக. வயிற்றுப்போக்கு உடையோர் அறவே தவிர்க்க. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்காதீர். கருவுற்ற பெண்டிர் மருத்துவரைக் கேட்டு நடப்பாராக. தொட்டியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பு இருப்பின் விலகுங்கள். அப்படலத்தில்தான் கிருமி காப்புப் பெற்று வாழ்கிறது. பயணம் முடிந்து இரு வாரங்களுக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் கண்டால், 'கப்பலில் சென்று வந்தேன்; வெந்நீர்த் தொட்டியில் இருந்தேன்' என்று மருத்துவரிடம் நீங்களே கூறுங்கள். காலத்தே இனங்கண்டால் குணப்படுத்த மருந்து உண்டு.

'கேட்டால் நம்மை அற்பர் என்று எண்ணுவார்களோ' என்னும் கூச்சம் நம் இனத்தாரிடம் மிகுதி. உணவகத்தில் கழுவாத குவளையைக் கண்டும் வாய் திறவாமல் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குறை கூறுவோர் நாம். அக்கூச்சம் இனியும் வேண்டா. பயணச்சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். கப்பலில் ஏறியபின்னும் கேளுங்கள். 'இன்று காலை இந்த நீரை அளந்தீர்களா? எண் என்ன?' என்ற இரண்டே வினாக்கள் போதும். பத்துப் பேர் கேட்டால் புன்னகைத்து மழுப்புவர். ஆயிரம் பேர் கேட்டால் பலகை தானே வந்து தொங்கும். விடை கிடைக்காத தொட்டியில் இறங்காதிருப்பதற்கும் நமக்கு உரிமை உண்டு.