கற்றவர் கடன்

தில்லிக்கு வந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும் நம் தாய்மார்களில் பலர், "இதுவும் வெளிநாடு மாதிரிதான்" என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். பேச்சு வேறு, சாப்பாடு வேறு, குளிர் வேறு. சட்டப்படி இது நம் நாட்டின் தலைநகரம். நமது ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் இங்கேதான் இருக்கின்றன. ஆனாலும் பள்ளிக்கூட வாசலில் நம் பிள்ளை அந்நியப் பிள்ளையாகத்தான் நிற்கிறது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பாடப்புத்தகத்தில் இன்னொரு மொழி. மூன்றுக்கும் நடுவில் தடுமாறும் அந்தப் பிள்ளைக்குக் கை கொடுக்க வேண்டியவர்கள் யார்? இதுதான் இந்த மாதம் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

2025 ஜூன் 1ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்த மதராசி கேம்ப் இடித்துத் தள்ளப்பட்டது. வாய்க்காலின் நீரோட்டத்துக்குத் தடை என்பது காரணமாகக் காட்டப்பட்டது. தில்லி உயர்நீதிமன்றத்தின் உத்தரவு அதற்கு ஆதாரமாயிற்று. சுமார் 370 குடிசைகள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கே குடியிருந்து, சுற்றுவட்டார வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் கூலி வேலை செய்தும் பிழைத்த குடும்பங்கள். தகுதி உள்ளவர்கள் என்று முடிவு செய்யப்பட்டவர்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலாவோ தில்லியின் வடகோடி. ஜங்புராவிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல்.

வீடு போனதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. பள்ளிக்கூடம் போனதைப் பற்றி எழுதியவை குறைவு. அந்தக் கேம்ப்பின் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் அதுவும் ஒன்று. மந்திர் மார்க், லட்சுமிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி ஆகியவை மற்ற ஆறு. இந்த ஏழில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. நரேலாவுக்குப் போன குடும்பம் பிள்ளையைப் பழைய பள்ளிக்கே அனுப்ப நினைத்தால், பொழுது விடியும் முன்பே பஸ் ஏற்ற வேண்டும். பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தால் தமிழ் எழுத்து அத்தோடு நின்றுவிடும். இதைத்தான் நாம் இழப்பு என்கிறோம்.

"கூலிக்காரன் பிள்ளைக்குத் தமிழ் எதற்கு? இந்தியும் இங்கிலீஷும் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லுகிற அறிவாளிகள் நம்மிடையே இருக்கிறார்கள். பிழைப்புக்கு இந்தியும் ஆங்கிலமும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இடம் பெயர்ந்த தொழிலாளியின் வாழ்க்கை எப்போது எந்தப் பக்கம் புரளும் என்று யாருக்குத் தெரியும்? கேம்ப் இடிபட்டபோது ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. சரி, திரும்பலாம். எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் விழுப்புரத்துப் பள்ளியில் எந்த வகுப்பில் உட்காரும்? தில்லியில் தமிழன், ஊரில் இந்திக்காரன் என்று இரண்டு இடத்திலும் அந்நியனாகும் கதி நம் பிள்ளைகளுக்கு வரலாமா? தாத்தா விட்டுப்போன அரைக் காணி நிலத்தின் பத்திரத்தை வாசிக்கவும் தமிழ் வேண்டும். தன்னைப் பெற்றவளோடு மனம் விட்டுப் பேசவும் தமிழ் வேண்டும்.

சற்றுப் பின்னால் திரும்பிப் பார்ப்போம். 1923இல் தலைநகரில் வேலை பார்த்த தென்னாட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக மதராசி கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றைய ஏழு பள்ளிகளுக்கும் வித்து அதுவே. அதே 1923இல் கடல் கடந்த மலாய் நாட்டில் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்றது அது. சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் நடந்துவிடவில்லை. கொட்டகையிலும் மரத்தடியிலும்தான் பல பள்ளிகள் நடந்தன. எழுத்து தெரிந்த தொழிலாளியோ, கங்காணியோ, தோட்டத்துக் கிராணியோதான் பல இடங்களில் வாத்தியார். அப்படி முளைத்த பள்ளிகளின் வழியில்தான் இன்று மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நிற்கின்றன. கட்டடம் வரட்டும், பட்டம் பெற்ற ஆசிரியர் வரட்டும் என்று அன்று அவர்கள் காத்திருந்திருந்தால் ஒரு பள்ளியும் வந்திராது.

இன்னொரு உதாரணமும் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நார்வேக்கும் அகதிகளாகப் போன தமிழர்கள், ஓட்டல் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் வாரமெல்லாம் உழைத்தார்கள். வார விடுமுறையில் ஓய்ந்து உட்காரவில்லை. கிடைத்த மண்டபங்களிலும் பள்ளி அறைகளிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத பெற்றோர்களும் தாய்மார்களும்தான். மொழியும் சட்டமும் தெரியாத நாட்டில் அவர்களால் முடிந்தது. சொந்த நாட்டின் தலைநகரில் நம்மால் ஏன் முடியாது?

நம்மிடம் ஆட்கள் இல்லையா? இருக்கிறார்கள். தில்லித் தமிழ்ப் பள்ளிகளில் படித்து வெளிவந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று அரசு அலுவலகங்களிலும் கம்பெனிகளிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். மேல்படிப்புக்காகத் தமிழகத்திலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். நம் சங்கத் தோழர்களின் பிள்ளைகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். ஒரு மணி தமிழ். அடுத்த ஒரு மணி கணக்கும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் புரியாமல் போன பாடமும். புத்தகத்துக்கு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் இருக்கின்றன.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தொண்டு என்பது உரிமைக்கு மாற்று ஆகாது. நாம் வகுப்பு நடத்துகிறோம் என்பதற்காக அரசு கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதிகளைச் செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. 1956 முதல் அது சட்டத்தில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற 2009ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. தில்லி அரசு 2021 ஜனவரியில் தமிழ் அகாதெமி ஒன்றையும் அமைத்தது. காகிதத்தில் இத்தனை இருக்க, நரேலாவில் ஒரு தமிழ் ஆசிரியர்கூட ஏன் இருக்கக் கூடாது?

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, தமிழ்க் குடும்பங்கள் மாற்று வீடு பெற்ற இடங்களிலுள்ள அரசுப் பள்ளிகளில் தமிழ் ஆசிரியரைத் தில்லி அரசு நியமிக்க வேண்டும். இரண்டாவது, பழைய பள்ளியிலேயே படிப்பைத் தொடர விரும்பும் பிள்ளைகளுக்குப் பஸ் வசதி செய்து தர வேண்டும். மூன்றாவது, தமிழக அரசுக்கு. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேர வகுப்பு நடத்திக் காட்டினீர்கள். தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்தீர்கள். அந்த விழுப்புரத்துப் பிள்ளைகள் தில்லியிலும் இருக்கிறார்கள். அவர்களின் இல்லத்தையும் தேடி வாருங்கள்.

கோரிக்கை நிறைவேறும் நாள் வரை பிள்ளைகளின் வயது காத்திருக்காது. ஆறு வயதில் எழுத்தறியாத பிள்ளை பத்து வயதில் வெட்கப்படுகிறது. பதினான்கு வயதில் வேலைக்குப் போய்விடுகிறது. இந்த உண்மை நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மனு ஒரு கையில் இருக்கட்டும். சாக்குக்கட்டி மறு கையில் இருக்கட்டும்.

படித்த தோழர்களே, உங்களைப் படிக்க வைத்தவர்கள் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்த்த கைகளும் சுமை தூக்கிய தோள்களும் அல்லவா? அந்தக் கடனை அவர்கள் திருப்பிக் கேட்கமாட்டார்கள். கேளாமலே திருப்பித் தருவதுதான் நமக்கு அழகு. பாயை விரிக்க ஒரு குடும்பம் இடம் தந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே முதல் வகுப்பைத் தொடங்கலாம். வாருங்கள்.