'பக்கம்' 'பகம்' ஆன கதை

போன மாதம் நான் அனுப்பிய கட்டுரையில் 'பக்கம்' மூன்று இடத்தில் 'பகம்' என்று இருந்தது. 'அப்பா' ஓரிடத்தில் 'அபா' ஆகிவிட்டார். பத்திரிகையிலிருந்து ஃபோன். "சார், கண்ணு டெஸ்ட் பண்ணீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு கீபோர்டில், அதையும் நானே என் கையால் கிரீஸ் பூசி வரவழைத்திருந்தேன்.

உத்திரமேரூரில் டிடிபி கடை வைத்திருந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த கீபோர்டு ஒன்றுதான்: டிவிஎஸ் கோல்டு. கிரயப் பத்திரம், மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் அடித்ததுதான். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். பதிவு அலுவலகத்துக்கு வந்தவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடிப்பார்கள். அதன் உள்ளே இருந்தவை ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல சுவிட்சுகள் என்பது கடையை மூடிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

சொன்னது அக்கா மகன். ஒரகடத்தில் வேலை. பொங்கலுக்கு வந்தபோது 87 விசை கீபோர்டு ஒன்றையும், மருந்து டப்பா மாதிரி ஒரு பெட்டி நிறைய சுவிட்சுகளையும் கொண்டுவந்தான். "மாமா, இதுல சாலடரிங்கே வேணாம். பிடுங்கிட்டு வேற சொருகிக்கலாம். எது உனக்குப் பிடிக்குதோ பார்த்துக்கோ."

நிறத்தை வைத்துத்தான் பேச்சு. சிவப்பு, வழவழவென்று நேராக இறங்கும். 45 கிராம் அழுத்தம் போதும். கறுப்பும் அதே வகைதான், ஆனால் 60 கிராம். பழுப்பில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். நீலம் நம் பழைய டிக்-டிக். மொத்தம் 4 மில்லிமீட்டர் ஆழம். சிவப்பில் பாதி தூரம், அதாவது 2 மில்லிமீட்டர் இறங்கினாலே எழுத்து விழுந்துவிடும். செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்டரான், கெயில் என்று சீனத்துக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். இப்போது ஒரு சுவிட்ச் இருபது, முப்பது ரூபாய்க்கே கிடைக்கிறது.

எனக்கு நீலம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். பழகின கை. ஆனால் அவன் போட்டுக்கொடுத்த சிவப்பில் ஒரு பத்தி அடித்துப் பார்த்தபோது ஏதோ வித்தியாசம். வேகம் கூடியிருந்தது. ஏன் என்று யோசித்ததில் இரண்டு நாள் போனது.

நீல சுவிட்சின் தண்டு இரண்டு துண்டு. கீழ்த்துண்டு ஒரு சட்டை மாதிரி தனியாக நழுவும். அது சட்டென்று விழுவதுதான் அந்த டிக். அதே எழுத்து மறுபடி விழ வேண்டுமென்றால் சட்டை மேலேறி உட்கார வேண்டும். எழுத்து விழுந்த இடத்தையும் தாண்டி விரல் மேலே வந்தால்தான் அது உட்காரும். ஆங்கிலம் அடிக்கிறவனுக்கு இது பெரிய விஷயமில்லை. அவனுக்கு ஒரே எழுத்து அடுத்தடுத்து வருவது நம் அளவுக்கு இல்லை. நமக்கு? அக்கா, அண்ணன், தட்டு, பத்து, நெல்லு, வெற்றிலை. நான் அடிப்பது தமிழ்99, 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை. அதில் 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'க'வுக்குப் புள்ளி தானாக விழும். ஒரே விரல், ஒரே விசை, இரண்டு தட்டு. வரிக்கு நாலைந்து தடவை. விரலை முழுக்கத் தூக்காமலே இரண்டாவது தட்டு விழ வேண்டும். தமிழ் அடிக்கிறவன் சுவிட்ச் வாங்கும்போது பார்க்க வேண்டியது எவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்பதையல்ல, எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதை. இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

உத்திரமேரூர்க்காரன் எதைப் பேசினாலும் குடவோலைக்கு வந்துவிடுவான் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். இதோ வந்துவிட்டேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும், சபைக்கு ஆள் எடுக்கிற விதிகளை வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. படிக்கிறவன் இட்டுக்கொள்ள வேண்டியதுதான். உளிக்காரருக்கு ஒரு வேலை மிச்சம். ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து எனக்கும் பாதிப் புள்ளி மிச்சம். மீதிப் பாதிக்கு மட்டும் இடது ஆள்காட்டி விரலடியில், ஆங்கிலத்தின் எஃப் இருக்கும் இடத்தில், தனி விசை.

சரி, கிரீஸுக்கு வருகிறேன்.

சிவப்பு என்று முடிவானதும் உள்ளே லேசாக 'கரகர' கேட்டது. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசுகிற சத்தம். மருமகன் கிரைடாக்ஸ் 205 என்ற வெள்ளை கிரீஸைச் சின்ன டப்பாவில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். "தொட்டும் தொடாம தடவணும் மாமா" என்றும் சொல்லியிருந்தான். சுவிட்சின் மூடி நாலு கொக்கியில் நிற்கிறது. நெம்பினால் மேல்மூடி, தலையில் கூட்டல் குறி போட்ட தண்டு, ஸ்பிரிங், அடிக்கூடு என்று பிரிந்துவிடும். அடிக்கூட்டின் ஓரத்தில் மெல்லிய செம்புத் தகடு. தண்டின் பக்கவாட்டுகள் இரண்டும் அடிக்கூட்டின் இரண்டு தடத்தில் ஏறி இறங்குகின்றன. உரசல் அங்கேதான். தடவ வேண்டியதும் முக்கியமாக அங்கேதான். ஸ்பிரிங்குக்கு கிரீஸ்கூட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு விட்டுக் குலுக்கினால் ஆயிற்று.

நான் என்ன செய்தேன்? தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி விட்டேன். தடம், தகடு, ஸ்பிரிங், ஒன்றையும் விடவில்லை. இத்தனைக்கும் டைப்ரைட்டிங் கிளாஸில் மாஸ்டர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் அது: எழுத்துக்கம்பிகள் வரிசையாகச் செருகியிருக்கும் இடத்தில் எண்ணெயே படக்கூடாது, அது தூசியைச் சேர்த்துக் கூழாகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் கிரஷர் லாரி போகாத மணி நேரம் இல்லை, தூசிக்கா பஞ்சம்? எண்பத்தேழையும் முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. சத்தம் அடங்கியது வாஸ்தவம். விசைதான் போனால் மெதுவாகத் திரும்பி வந்தது, மதியச் சாப்பாடு முடித்த ஆள் மாதிரி. அந்த வாரம்தான் 'அப்பா' 'அபா' ஆனது.

இரண்டு வீடு தள்ளிப் பட்டு நெய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். தறிக்கு மேலே ஜக்காடு பெட்டி. அதற்கு எண்ணெய் விடுவதை அன்றைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். கோழி இறகின் நுனியை எண்ணெயில் தொட்டு, கிண்ணத்து விளிம்பில் வழித்து, ஈரம்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகே கம்பி முனையில் வைத்தார். கீழே பாவு. "ஒரு சொட்டு விழுந்தா சீலை போச்சு தம்பி" என்றார்.

வந்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். பருத்தித் துணியால் துடைத்து, தகட்டை வெறுமனே விட்டு, பூஜ்ய நம்பர் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்து, தடத்தில் மட்டும். பிளாஸ்டிக் பளபளக்க வேண்டும், வெள்ளை தெரியக் கூடாது. இந்தத் தடவை நாலு ராத்திரி.

அண்ணனைக் கூப்பிட்டு அடித்துக் காட்டினேன். காதைச் சாய்த்துக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்கு இழை அறுந்தா சத்தம் மாறும், கை தானா நின்னுரும். உனக்கு எழுத்து விட்டுப்போனா எப்படித் தெரியும்?"

பதில் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியிலிருந்து ஒரே ஒரு நீலத்தை எடுத்துப் புள்ளி விசையில் சொருகினேன். இரட்டித்தால் தானாக விழும் புள்ளிக்கு அதைத் தொட வேண்டியதில்லை. சொல் மெய்யெழுத்தில் முடிகிற இடத்தில்தான் பெரும்பாலும் விரல் அங்கே போகும், அதுவும் ஒரே தட்டு. சட்டை மேலேற நேரம் தாராளம். மரம், டிக். ஊர், சத்தமில்லையென்றால் புள்ளி விழவில்லை, இன்னொரு தட்டு, டிக்.

முந்தாநாள் ராத்திரி நான் இதை அடித்துக்கொண்டிருக்கும்போது, பல்லி அத்தனை நேரமாக எதற்கு இப்படிச் சகுனம் சொல்கிறது என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.