அது புரளி இல்லை, சார்

காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சுனாமி என்று யார் பேச்செடுத்தாலும் ஒரே வாக்கியம்தான் சொல்வார். "2012லே விட்டாங்களே சார் ஒரு புரளி! ஊரையே ஓட வெச்சாங்க, ஒரு பக்கெட் தண்ணி வரலே." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பல வருடம் சிரித்தேன். போன மாதம் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா அதையே வேறு மாதிரி சொன்னார். "போன தடவ பயமுறுத்துனாங்க, ஒண்ணும் வரல. இனிமே நான் கூடைய போட்டுட்டு ஓடறதா இல்லீங்க ஐயா." அவர் வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியம் 2.08க்கு சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கடியில் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. அங்கிருந்து சென்னை ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். சில நிமிடங்களில் எங்கள் நாற்காலி ஆடியது. அலுவலகங்களில் இருந்தவர்கள் படியிறங்கித் தெருவில் நின்றார்கள். மெரினாவைப் போலீஸ் காலி செய்தது. மாலை நாலே காலுக்கு இன்னொன்று, 8.2. பெரிய அலை எதுவும் வரவில்லை, எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். நண்பர் சொல்லும் 'புரளி' இதுதான்.

ஹைதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். கையில் இருப்பது அதிர்வலைகள் மட்டுமே. முதலில் வந்து சேரும் அலைகள் எந்த இடம், ஏறத்தாழ எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடும். கடல்தரை மேலே எழும்பியதா, பக்கவாட்டில் நகர்ந்ததா என்று தெரிய இன்னும் பல திசைகளில் உள்ள கருவிகளின் பதிவு வேண்டும், மெதுவாக வரும் நீண்ட அலைகளும் வேண்டும். தரை எழும்பினால் மேலிருக்கும் தண்ணீர் முழுக்க எழும்பும், அதுதான் சுனாமி. பக்கவாட்டில் நகர்ந்தால் தண்ணீருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்த விவரம் வரும்வரை கரையில் இருப்பவனிடம் என்ன சொல்வது? "கொஞ்சம் இருங்க, பார்த்துச் சொல்றோம்" என்றா?

அப்படிக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2004இல் பார்த்தோமே. அன்று காலை 6.28க்குத் தொடங்கியது. ஹவாயில் இருந்த பசிபிக் மையம் முதலில் போட்ட கணக்கு 8.0. பிறகு 8.5 என்றார்கள். உண்மையில் அது 9.1. பிளவு சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அவ்வளவு நீளமான பிளவின் முழு அளவைக் குறுகிய அலைகள் காட்டாது, நீண்ட அலைகளைப் படித்தால்தான் தெரியும். அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்வதற்கு இங்கே ஒரு அமைப்பு இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏழாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஹைதராபாத் மையமே அதற்குப் பிறகு, 2007இல் வந்ததுதான்.

2012இல் அலை ஏன் வரவில்லை என்பதையும் அதே அதிர்வலைகள்தான் சொல்லின. ஒரு நிலையத்தில் முதல் அசைவு தரையைத் தள்ளியதா, இழுத்ததா என்று பார்ப்பார்கள். தட்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் தூரத்து நிலையங்களில் பெரும்பாலும் தள்ளல்தான் பதிவாகும். பக்கவாட்டில் உராய்ந்திருந்தால் உலகம் நாலு பங்காகப் பிரியும்: இரண்டில் தள்ளல், இரண்டில் இழுவை. அன்று வந்தது நாலு பங்குதான். பக்கவாட்டு வகையில் கருவிகள் பதிவு செய்ததிலேயே மிகப் பெரியது அது.

நண்பருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது இதற்கப்புறம்தான். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வரிசையாக வைத்த கருவிகளின் பதிவை வைத்துக்கொண்டு, அலை புறப்பட்ட இடத்தை நொடிக்கு நொடி பின்னோக்கித் தேடினார்கள். ஒரு பிளவு இல்லை, குறைந்தது நாலு. அதில் சில ஒன்றுக்கொன்று செங்குத்து. இரண்டரை நிமிடத்துக்கு மேல், ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்குத் திரும்புவதுபோல் ஓடியிருக்கிறது. அதுவும் இரண்டு தட்டுகள் சந்திக்கும் பள்ளத்தில் இல்லை, தட்டின் வயிற்றுக்குள்! வடக்கே இந்தியப் பகுதி இமயமலையில் முட்டி நிற்கிறது. கிழக்கே ஆஸ்திரேலியப் பகுதி சுமத்ராவுக்கு அடியில் சுலபமாக இறங்குகிறது. நடுவில் மாட்டிய தட்டு கிழிகிறது. இலங்கைக்குத் தெற்கே கடலடித் தரை மடிந்து கிடப்பதைக் கப்பல்கள் ஒலியலை அனுப்பி 1970களிலேயே பார்த்திருந்தன. 2012இல் அந்தக் கிழிசல் கண்ணெதிரே நடந்தது. முழுசாகப் பிரிய லட்சக்கணக்கான வருடங்கள் ஆகும். "சென்னை மூழ்கும்" என்று வாட்ஸாப்பில் தேதி போட்டு அனுப்புகிற மகானுபாவர்களுக்கு இதில் வேலை இல்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு எரிச்சல், கடலுக்கடியில் கருவி போடும் செலவு. "அங்கே யாரு சார் குடியிருக்கா?" அதிர்வுமானிகளில் பெரும்பாலானவை நிலத்தில் இருக்கின்றன. பூமியில் எழுபது சதவீதம் கடல். கடலடிக் கருவி ஒன்றைக் கப்பலில் கொண்டுபோய், எடை கட்டித் தரைக்கு இறக்கி, மாதக்கணக்கில் விட்டு, பிறகு ஒலி சமிக்ஞை கொடுத்து எடையைக் கழற்றினால் மிதந்து மேலே வரும். அதில் இருக்கும் பதிவை அப்போதுதான் படிக்க முடியும். அன்றைய எச்சரிக்கைக்கு அது உதவாது. உடனுக்குடன் வேண்டுமென்றால் கேபிள் போட வேண்டும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பான் அதைச் செய்தது: 150 நிலையங்கள், சுமார் 5,500 கிலோமீட்டர் கேபிள். காசு கொட்டித்தான் செய்தார்கள். எச்சரிக்கைக்கும் விலக்கலுக்கும் நடுவில் இருக்கும் அந்த நேரத்தைக் குறைக்க வேறு வழி இல்லை. எச்சரிக்கை தப்பு என்று கேலி செய்பவரே கருவிக்குச் செலவு வீண் என்றும் சொல்கிறார். இரண்டில் ஒன்றையாவது அவர் விடலாம்.

அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று மீன்கார அம்மாவிடம் போனேன். வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஒரு பலகையை அமுக்கி, முதலில் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டினேன். பிறகு வெடுக்கென்று மேலே தூக்கினேன். என் வேட்டி நனைந்தது. நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்ப அது எந்த மாதிரின்னு அவங்களுக்கு உடனே தெரிஞ்சிடுமா?"

"உடனே தெரியாதும்மா. கொஞ்ச நேரம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"பள்ளிக்கூடத்து மாடியில இருக்கணும்."

கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூடைய எடுத்துக்கிட்டுப் போலாமா?" என்று கேட்டார்.