அப்பாவின் ஜனதா

அலமாரியில் கிடந்த அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா ஓடவில்லை என்றதும் சிலர் பேட்டரி மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அதில் பேட்டரி ஏது? தினமும் சாவி கொடுக்க வேண்டிய 17 கல் வாட்ச் அது. ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய வம்சம்.

பல நேரம் எதுவும் உடைந்திருக்காது. எண்ணெய்தான் காய்ந்து பிசினாகியிருக்கும். பிரித்துக் கழுவி, ஊசிமுனையளவு எண்ணெய் வைத்தால் மணிக்கு 18,000 துடிப்பு திரும்பிவிடும்.

வம்பு டயலில்தான். ‘புதுசு மாதிரி பெயின்ட் அடிச்சுத் தரேன்’ என்பார் கடைக்காரர். மறுத்துவிடுவதே நல்லது, பழுப்பேறிய அந்த முகத்தைப் பார்த்துத்தானே அப்பா பஸ்ஸுக்கு ஓடினார்! உதிரிபாகம் கிடைக்காவிட்டால் இன்னொரு பழைய ஜனதாவை வாங்கிப் பிரிக்க வேண்டியதுதான். கொஞ்சம் கொடுமைதான்.